பச்சை குத்தும் கூடமும் அதன் கழுவும் அறையும்: கேள்வி பதில்

பச்சை குத்துவதும் உடலில் துளையிட்டு அணி பூட்டுவதும் 14 ஆண்டுகளாக என் தொழில். கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது முதல் எட்டு மாதங்கள் எந்திரத்தைத் தொடவே விடவில்லை. கருவிகளைக் கழுவி, உலர்த்தி, பையிலிட்டு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எந்திரத்தில் ஏற்றி இறக்குவதுதான் என் வேலையாக இருந்தது. அப்போது மிகவும் சலித்துக்கொண்டேன். இன்று என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தக் கழுவும் அறையில் கற்றதை வைத்தே பதில் சொல்கிறேன். வந்த கேள்விகளில் ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. முதன்முறையாகப் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன். உள்ளே நுழைந்ததும் எதைப் பார்த்து அந்த இடம் சுத்தமானது என்று முடிவு செய்வது?

சுவரையும் தரையையும் விட்டுவிட்டு, குத்துபவரின் கையைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெள்ளை விளக்கையும் பளபளக்கும் தரையையும் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். ஒருவர் சோப்பிட்டுக் கை கழுவி, புதிய கையுறை மாட்டி, ஊசியைப் பொருத்திய பிறகு, ஒலிக்கிற கைபேசியை அதே கையால் எடுத்துப் பேசிவிட்டு மீண்டும் உங்கள் தோலைத் தொடுவாரானால், அந்தக் கையுறை அவருடைய கையைத்தான் காக்கிறதே தவிர உங்களைக் காக்கவில்லை.

வேலையின் நடுவே கையுறையில் மையும் இரத்தமும் படிந்திருக்கும். அதே கை தண்ணீர்த் தெளிப்பானையும் விளக்கின் பிடியையும் எந்திரத்தின் வயரையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். எனவே அவை அனைத்தும் மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடப்பட்டிருக்க வேண்டும். உங்கள் வேலை முடிந்ததும் உறைகளை உரித்துக் குப்பையில் போட வேண்டும். உறையில்லாத தெளிப்பானைக் கண்டால், உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரின் இரத்தம் அதன் பிடியில் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வாசலினை டப்பாவில் விரலைவிட்டு எடுக்கக்கூடாது. மரக்குச்சியால் வேண்டிய அளவு எடுத்துத் தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மயிர் மழிக்கும் ரேசரும் ஒருவருக்கு ஒன்றுதான்.

கேள்வி: "ஊசி புதியது" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எப்படி நம்புவது?

நம்பவே தேவையில்லை, உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்கும் கொண்ட உறையில் வரும். பெரும்பாலும் ஆலையிலேயே எத்திலீன் ஆக்சைடு வாயுவால் நுண்ணுயிர் நீக்கப்பட்டிருக்கும். தயாரிப்புத் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உறையின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். உறை கிழிந்தோ ஈரம்பட்டோ இருந்தால் தேதி மிச்சமிருந்தாலும் பயனில்லை.

பலர் கேட்க மறப்பது வேறொன்று. இப்போது பரவலாகப் பயன்படும், சிறு பிளாஸ்டிக் கூட்டோடு சேர்ந்தே வரும் கார்ட்ரிட்ஜ் ஊசியின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மையும் இரத்தமும் பின்வாங்கி எந்திரத்தின் உட்பகுதிக்குப் போய்விடும். அந்த உட்பகுதியைக் கழற்றிக் கழுவ வழியில்லை. அடுத்தவருக்குப் புத்தம்புது ஊசி மாட்டினாலும் பழைய அழுக்கு அதன் பின்னாலேயே காத்திருக்கும்.

கேள்வி: கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுக்கிறோம் என்கிறார் ஒருவர், புற ஊதா விளக்குப் பெட்டி வைத்திருப்பதாக இன்னொருவர் சொல்கிறார். இவை போதாவா?

போதா. கொதிநீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அந்த வெப்பத்தில் பல கிருமிகள் மடியும் என்றாலும், சில பாக்டீரியாக்கள் தமக்குள் உருவாக்கிக்கொள்ளும், வெப்பத்தைத் தாங்கும் வித்து என்ற உறங்குநிலை வடிவம் மடியாது. ஆட்டோகிளேவ் நீராவியை அழுத்தத்தில் அடைத்து 121 டிகிரிக்கோ 134 டிகிரிக்கோ கொண்டுபோகிறது. 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் தேவை. பையிலிட்ட கருவிகளுக்கு 30 நிமிடம் வரை வைப்பார்கள். 134 டிகிரியில், காற்றை முதலில் உறிஞ்சி வெளியேற்றும் வகை எந்திரமாக இருந்தால், சில நிமிடங்களே போதும். புற ஊதா ஒளியோ தன் நேர்ப்பார்வையில் படும் பரப்பை மட்டுமே தொடும்; இடுக்கியின் மடிப்புக்குள்ளும் குழாயின் உள்ளேயும் அது எட்டாது. ஏற்கனவே தூய்மையாக்கிய பொருளை எடுத்து வைக்க அந்தப் பெட்டி உதவலாம், அவ்வளவுதான்.

ஆட்டோகிளேவ் இருந்தாலும், அதற்கு முந்தைய கழுவல் சரியில்லையென்றால் எல்லாம் வீண். உலர்ந்த இரத்தம் ஒரு தோல்போல ஒட்டிக்கொண்டு நீராவியை அடியில் உள்ள உலோகம் வரை போகவிடாது. அதனால்தான் இடுக்கியை முதலில் இரத்தக் கறையை இளக்கும் நொதிக் கரைசலில் ஊறவைத்து, ஒலியதிர்வால் அழுக்கைப் பிரிக்கும் மீயொலிக் கழுவியில் இட்டு, பிறகு பூட்டுவாய்ப் பற்களுக்கு இடையே தூரிகை விட்டுத் தேய்க்கிறோம். எட்டு மாதங்கள் நான் தேய்த்தது அந்தப் பற்களைத்தான்.

கேள்வி: எச்.ஐ.வி. வந்துவிடுமோ என்ற பயத்தில் என் அம்மா அனுமதி தர மறுக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் அதைவிட அதிகமாக அஞ்ச வேண்டிய கிருமி வேறொன்று இருக்கிறது. எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே பலவீனமானது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி அப்படியல்ல. உலர்ந்த பரப்பில் 7 நாள் வரைக்கும் தொற்றும் திறனோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியும் அளவு இரத்தமும் அதற்குத் தேவையில்லை. மருத்துவமனை ஊழியர்களை நோயாளியின் ஊசி தவறிக் குத்திய நிகழ்வுகளை வைத்துக் கணக்கிட்டதில், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு, தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை போகக்கூடும். நியூயார்க் நகரம் 1961இல் பச்சை குத்துவதைத் தடை செய்தபோது சொல்லப்பட்ட காரணமும் ஹெப்படைட்டிஸ் பி பரவல்தான். அந்தத் தடை 1997இல்தான் நீங்கியது.

இதில் நல்ல செய்தி, ஹெப்படைட்டிஸ் பிக்குத் தடுப்பூசி உண்டு என்பது. வழக்கமாக மூன்று தவணைகள்; ஆறு மாதத்தில் முடியும். போட்டுக்கொண்டு வாருங்கள். குத்துபவரிடமும் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். அவரையும் ஊசி குத்தத்தான் செய்கிறது. ஹெப்படைட்டிஸ் சி என்ற இன்னொரு கல்லீரல் கிருமிக்குத் தடுப்பூசி இல்லை. மாத்திரையால் குணப்படுத்த முடியும்.

கேள்வி: ஊசியைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்களே, மையில் ஆபத்து இல்லையா?

இருக்கிறது, சரியான கேள்வி. ஊசி மையைத் தோலின் மேற்பரப்புக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கீழே உள்ள அடுக்கில் கொண்டுபோய் வைக்கிறது. உடலின் காவல் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்வதால்தான் படம் நிலைக்கிறது. மையோடு போகும் கிருமியும் அதே அடுக்குக்குத்தான் போகிறது. 2011இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 19 பேருக்குக் குத்திய இடத்தில் சிவந்த தடிப்புகள் கிளம்பின. காரணம், நிழல் தீட்டப் பயன்படும், முன்கூட்டியே நீர்த்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையில் இருந்த, காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிர். ஊசியும் கையுறையும் எவ்வளவு சுத்தமாக இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

இந்த வகை நுண்ணுயிர்கள் குழாய்நீரில் இயல்பாக வாழ்பவை. எனவே குத்துபவர் கறுப்பு மையில் குழாய்நீரை விட்டுச் சாம்பல் நிறம் கலக்குவதைப் பார்த்தால் எழுந்துவிடுங்கள். காய்ச்சி வடித்த நீர் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வடித்த நீரில் உப்பு இல்லை என்பது உண்மை; கிருமி இல்லை என்பதற்கு அது சான்றாகாது. நுண்ணுயிர் நீக்கி அடைத்த நீர்தான் வேண்டும். மையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, மிஞ்சுவதைக் கொட்டிவிட வேண்டும். புட்டிக்குத் திருப்பி ஊற்றுபவரை நான் தொழில்காரராகவே கருதுவதில்லை. வேதிப்பொருள்களைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் ஆயிரக்கணக்கான பொருள்களைப் பச்சை மைகளில் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஒவ்வாமை அதிகம் காணப்படுவது சிவப்பில். குத்திப் பல மாதம் கழித்தும் அது வரலாம்.

கேள்வி: ஐயா, என் ஆறு வயது மகளுக்குக் காது குத்த வேண்டும். துப்பாக்கியால் நொடியில் முடித்துவிடலாம், வலிக்காது என்கிறார்கள்.

நொடியில் முடிவது உண்மைதான். ஊசி கூர்மையால் தோலைப் பிளந்து வழி செய்கிறது. துப்பாக்கியோ, மழுங்கிய கம்மலின் முனையைச் சுருள்வில்லின் விசையால் தசையைக் கிழித்துக்கொண்டு போகச் செய்கிறது. பிளாஸ்டிக்கால் ஆன அதன் உடலை ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும் என்பதால், ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் இடையே துடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. காதோடு தொடும் பகுதி முழுவதும் ஒருமுறை மட்டும் பயன்படும் உறையாக வரும் வகைகள் இதைவிடப் பரவாயில்லை. அவையும் காதின் கீழ்மடலுக்கு மட்டுமே.

மேற்காதில், அதாவது குருத்தெலும்பில், துப்பாக்கியை எந்த வயதிலும் அனுமதிக்காதீர்கள், அம்மா. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. தன்னைப் போர்த்திய மெல்லிய உறையிலிருந்து ஊட்டம் பெறுகிறது. அடியால் அந்த உறை பிரிந்து, சூடோமோனாஸ் என்ற கிருமி உள்ளே தங்கிவிட்டால், சீழ் பிடித்துக் குருத்தெலும்பே கரைந்துபோகும். பிறகு காது சுருங்கி மடிந்த வடிவத்தோடு நின்றுவிடுவதும் உண்டு.

மகள் தானாக விரும்பிக் கேட்டு, அசையாமல் உட்காரவும் சம்மதிக்கும் நாளில் அழைத்துப் போங்கள்.

கேள்வி: "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று சொல்லித்தான் மூக்குத்தி வாங்கினேன். ஐந்து வாரமாக அரிப்பும் நீரும் நிற்கவில்லை.

அந்தப் பெயருக்குத் திட்டவட்டமான பொருள் கிடையாது. பல வகை எஃகுகளை அப்படி அழைக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் நிக்கல் உண்டு. நிக்கல் ஒவ்வாமையில் அரிப்பு மிகுதியாக இருக்கும், தெளிந்த நீர் கசியும். கிருமித் தொற்றில் வலியும் சூடும் பச்சையோ மஞ்சளோ கலந்த சீழும் மிகுதியாக இருக்கும். உங்கள் விவரம் முதலாவதைப் போலத் தோன்றுகிறது. ஆயினும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புதுத் துளைக்கு உடலுக்குள் பொருத்தத் தகுந்த தரமான டைட்டானியம் நல்லது; ஏ.எஸ்.டி.எம். எஃப் 136 என்ற தரக்குறியீட்டைக் கேட்டு வாங்கலாம். வெள்ளி ஆறாத துளைக்கு ஆகாது. கறுத்துத் தோலில் கறை விடும்.

அணியைத் திருகிக்கொண்டே இருந்தால் ஒட்டாது என்ற அறிவுரையை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு திருகலும் உள்ளே வளரும் மென்தோலைக் கிழிக்கிறது. 0.9 விழுக்காடு உப்புக்கரைசல் ஒன்றே போதும்; ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். கீழ்மடல் ஆற 6 முதல் 8 வாரம், குருத்தெலும்பு ஆற 6 மாதம் முதல் ஓர் ஆண்டு. சீழ் வைத்தால் நீங்களாக அணியைக் கழற்றாதீர்கள்; துளை வாய் மூடிச் சீழ் உள்ளேயே அடைபட்டுவிடும்.

கேள்வி: மரத்துப்போகும் களிம்பை வீட்டிலேயே தடவி, மேலே பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வரலாமா?

குத்துபவரிடம் சொல்லாமல் வேண்டாம். பெரிய பரப்பில் தடவி இறுக்கிச் சுற்றினால், களிம்பில் உள்ள லிடோகெய்ன் என்ற மரக்கச் செய்யும் மருந்து இரத்தத்துக்குள் மிகுதியாகப் போய் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். 4 விழுக்காட்டுக்கு மேல் லிடோகெய்ன் உள்ள களிம்புகளைப் பற்றி அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரித்திருக்கிறது.

கேள்வி: பச்சை குத்திய பின் இரத்த தானம் செய்யலாமா?

நாட்டு விதியைப் பொறுத்து 3 மாதம் முதல் 12 மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். முகாமில் கேட்கும்போது மறைக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, இணையத்தில் எந்திரமும் மையும் வாங்கிவிட்டேன். நண்பர்கள் கையைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். வீட்டிலேயே பழகலாமா?

தம்பி, பழகுவதற்கென்றே செயற்கைத் தோல் விற்கிறார்கள், அதில் பழகுங்கள். கோடு நேராக வருவது விரைவில் கைவந்துவிடும். எது தூய்மை, எது தீட்டுப்பட்டது என்பதை ஒவ்வொரு நொடியும் மனதில் வைத்திருப்பதற்குத்தான் நாளாகும். என் ஆசிரியர் என் கையுறையில் நீல மையைத் தடவிவிட்டு, வழக்கம்போல வேலை செய்யச் சொன்னார். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் நாற்காலியின் கைப்பிடி, விளக்கின் பொத்தான், என் மூக்குக் கண்ணாடி என எங்கும் நீலம். நீங்களும் அதைச் செய்து பாருங்கள். நீலம் தட்டைத் தாண்டாத நாள் வரை நண்பரின் கையைத் தொடாதீர்கள்.

கேள்வி: வித்துச் சோதனைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னதற்கு ஒரு கூடத்தில் முகம் சுளித்தார்கள். நான் கேட்டது தவறா?

தவறே இல்லை. ஆட்டோகிளேவ் பையின் மேல் நிறம் மாறும் பட்டை, அந்தப் பை வெப்பத்தைச் சந்தித்தது என்பதை மட்டுமே சொல்லும்; கிருமி செத்ததா என்று சொல்லாது. அதற்காகத்தான் வெப்பத்தை நன்கு தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியைக் கருவிகளோடு ஏற்றி இறக்கி, பிறகு கதகதப்பில் வைத்துப் பார்க்கிறோம். நாங்கள் வாங்கும் குப்பியில் ஊதா நிறம் ஊதாவாகவே இருந்தால் வித்துகள் மடிந்தன, மஞ்சளானால் பிழைத்திருக்கின்றன. ஏற்றாத குப்பி ஒன்றையும் பக்கத்தில் வைப்போம்; அது மஞ்சளானால்தான் சோதனையே செல்லும்.

எங்கள் பதிவேட்டில் ஒரு பக்கத்தில் இரண்டு குப்பிகளும் மஞ்சள் என்று எழுதியிருக்கிறது. கூட்டம் மிகுந்த வாரம் அது. பைகளைப் புத்தகம் அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நான் திணித்திருந்தேன். நீராவி இடையில் நுழையவில்லை. முந்தைய நல்ல சோதனைக்குப் பின் ஏற்றிய எல்லாப் பைகளையும் பிரித்து மறுபடி கழுவினோம். அந்த இடைவெளியில் துளையிட்டுக்கொண்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து நடந்ததைச் சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருவர் மட்டும் அதன்பின் எங்களிடம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. பதிவேடு கழுவும் அறைக் கதவின் ஆணியில் தொங்குகிறது. கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.