பெயின்ட் அடிக்கும் முன் வெல்டிங்கைப் பாருங்கள்

கேள்வி: பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு கேட், ஒரு வருடம்கூட ஆகவில்லை, கீல் இருக்கும் இடத்தில் வெல்டிங் விட்டுவிட்டது. கேட்டால் இரும்பு சரியில்லை என்கிறார்கள். வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: முடியும். முதலில் விட்டுப்போன இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெல்டிங் பட்டையாக உரிந்து வந்து, அடியில் இரும்பின் பழைய விளிம்பு உருகாமல் அப்படியே இருக்கிறதா? அப்படியானால் இரும்பின் மேல் பழி போடுவது நியாயமில்லை. வெல்டிங் ராடு உருகி மேலே உட்கார்ந்திருக்கிறதே தவிர, இரும்போடு கலக்கவில்லை. கரண்ட் குறைவாக வைத்திருக்கலாம், கையை வேகமாக இழுத்திருக்கலாம், துருவையும் பழைய பெயின்டையும் சுரண்டாமலே வைத்திருக்கலாம். பட்டறையிடம் தைரியமாகத் திரும்பச் செய்துதரச் சொல்லுங்கள். வெல்டிங்கை ஒட்டி இரும்பே கிழிந்திருந்தால் விஷயம் வேறு. தகடு மெல்லியதாக இருந்திருக்கலாம், அல்லது கரண்ட் அதிகமாகி ஓரம் அரித்திருக்கலாம்.

அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: வெல்டிங் மேல் படியும் கசடை (ஸ்லாக்) தட்டி எடுத்துவிட்டு, கிரைண்டரும் பெயின்டும் போடுவதற்கு முன் காட்ட வேண்டும். நல்ல வெல்டிங்கில் அலைகள் ஒரே சீராக ஓடும், இரண்டு பக்கமும் இரும்போடு இழைந்து இறங்கும். ஊசித் துளைகள், ஓரத்தில் பள்ளம், உருண்டையாகத் திரண்டு நிற்பது இதெல்லாம் குறைதான். பார்க்க அழகாக இருந்தாலே உள்ளேயும் பிடித்திருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெளியே இவ்வளவு குறை இருந்தால் உள்ளே நன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. கேட்டின் பாரம் முழுவதும் கீலில்தான், அங்கே புள்ளி புள்ளியாக வைத்துவிட்டுப் பட்டி பூசியிருந்தால் வாங்காதீர்கள். வழவழப்புக்காக கிரைண்டரால் அதிகம் தேய்த்தால் பலமும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: சின்ன வேலைகளுக்கு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்க ஆசை. 200 ஆம்பியர் வேண்டுமா? கண்ணுக்கு கூலிங் கிளாஸ் போதுமா?

பதில்: 2.5 மி.மீ. ராடுக்கு ஏறக்குறைய 60 முதல் 90 ஆம்பியரே போதும். பெரிய எண்ணைவிட டியூட்டி சைக்கிளைப் பாருங்கள். 200 ஆம்பியரில் 60% என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும்.

கூலிங் கிளாஸ் போதவே போதாது, தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெல்டிங் தீப்பொறியின் (ஆர்க்) புற ஊதாக் கதிர் கண்ணைச் சுடுவது அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து மணல் விழுந்தது போல் உறுத்தி, கண்ணைத் திறக்க விடாது. 10 அல்லது 11 ஷேடு (கருமை அளவு) கண்ணாடி உள்ள முழு முக ஹெல்மெட் வாங்குங்கள், அப்புறம் தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை. கையுறை ஈரமானால் மாற்றிவிடுங்கள், ஷாக் அடிக்கும். ஜி.ஐ. பைப்பில் வைப்பதாக இருந்தால் வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அந்தப் புகையால் குளிரும் காய்ச்சலும் வரும்.