இரண்டு தங்கமீனுக்கு எத்தனை லிட்டர் தொட்டி?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு 4 தங்கமீன்களும், 8 லிட்டர் பிடிக்கும் உருண்டைக் கண்ணாடி பவுலும் வாங்கினோம். தினமும் தண்ணீர் முழுவதையும் மாற்றி, கூழாங்கற்களையும் குழாயடியில் கழுவித்தான் வைத்தேன். 10 நாளில் 2 மீன்கள் செத்துவிட்டன. மிச்சம் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. "2 அடித் தொட்டி போதும், தொட்டிக்கு ஏற்றபடிதான் மீன் வளரும்" என்கிறார் கடைக்காரர். ஹாலில் 3 அடிச் சுவர் காலியாக இருக்கிறது. இரண்டாவது மாடி, வாடகை வீடு. என்ன அளவு வாங்கலாம்?
- வாசகி, வில்லிவாக்கம்

பதில்: 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு மீன்களையும் மேலிருந்து ஒருமுறை பாருங்கள். வால் இரண்டாகப் பிரிந்து விசிறிபோல விரிந்திருக்கிறதா? உடம்பு முட்டைபோல உருண்டிருக்கிறதா? அப்படியானால் அது ஒரண்டா, ரியூகின், பிளாக் மூர் வகை. 6 முதல் 8 அங்குலம் வரை வளரும். வால் ஒரே தகடாக நின்று உடம்பு நீளமாக இருந்தால் காமெட் வகை. அது ஓர் அடியைத் தொடக்கூடியது, வேகமாக நீந்துவது. 3 அடித் தொட்டியில் அது திரும்புவதற்குள் சுவர் வந்துவிடும்.

இரட்டை வால் மீன் ஒன்றுக்கு 75 லிட்டர், கூடுதலாக வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். உங்கள் இரண்டுக்கும் 115 லிட்டர். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். மேலே 2 அங்குலம் விட்டு நிரப்பினால், 36 × 15 × 13 ÷ 61 = 115. கடைக்காரர் சொல்லும் 2 × 1 × 1 அடித் தொட்டியில் விளிம்புவரை ஊற்றினாலே 57 லிட்டர்தான். வளர்ந்த ஒரு மீனுக்கே அது பற்றாது.

தொட்டிக்கேற்ப மீன் வளரும் என்பது தவறு. கழிவு தேங்கிய தண்ணீரில் வளர்ச்சி குன்றுகிறது, அவ்வளவுதான். ஒழுங்காக வைத்தால் 10, 15 வருடம் வாழும் மீன் சில மாதங்களில் சாவது இதனால்தான்.

உங்கள் அக்கறையில் குறை இல்லை. செய்த முறைதான் மீனுக்கு எதிராகப் போய்விட்டது. மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியா வெளியேறுகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டித்தான் வாழும். தினமும் கல்லைக் குழாய்த் தண்ணீரில் கழுவியதில் அவை போய்விட்டன. மெட்ரோ தண்ணீரின் குளோரின், மீனின் செவுளையும் அரித்திருக்கும். போதாததற்கு, பவுலை நிரப்ப நிரப்ப வாய் குறுகி, காற்று படும் பரப்பு சுருங்குகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் தண்ணீரில், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். சென்னை வெயிலில் மேலே வந்து வாயைப் பிளப்பது அதனால்தான்.

எனவே தொட்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே 40, 50 லிட்டர் பிடிக்கும் அகன்ற பிளாஸ்டிக் டப்பில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்த தண்ணீரை நிரப்பி, ஏர் பம்ப் போட்டு, மீன்களை மாற்றுங்கள். பவுலுக்கும் டப்புக்கும் சூடு ஒன்றாக இருக்கட்டும். தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சமாகத் தீனி போதும்.

பக்கத்திலேயே கொளத்தூர் இருக்கிறது. அளவு சொன்னால் கண்ணாடி வெட்டி ஒட்டித் தருவார்கள். 8 மில்லிமீட்டர் கண்ணாடி கேளுங்கள். ஒட்டிய சிலிக்கான் காய ஒரு வாரம் விட்டு, பால்கனியில் நிரப்பி ஒருநாள் ஒழுகுகிறதா என்று பாருங்கள். நிரம்பிய தொட்டி, ஸ்டாண்டைச் சேர்க்காமலே ஏறக்குறைய 150 கிலோ. ஹாலின் நடுவில் வேண்டாம், சுவரை ஒட்டி வையுங்கள். அடியில் தெர்மோகோல் ஷீட் விரிக்காவிட்டால் ஸ்டாண்டின் சிறு மேடுகூட அடிக்கண்ணாடியைப் பிளந்துவிடும். உயரத்தை 18 அங்குலத்துக்கு மேல் கூட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மீனுக்கு வேண்டியது நீளமும் மேற்பரப்பும்தான்.

ஃபில்டர் மணிக்கு 600 லிட்டராவது சுற்றவேண்டும். அதோடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போடுங்கள். பொடிக்கல் வாயில் சிக்கும், அதனால் தரையை வெறுமையாக விடுவது நல்லது. பாக்டீரியா நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை சொட்டு மருந்துச் சோதனைக் கிட்டில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். பூஜ்ஜியத்தைத் தாண்டினால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டும் பூஜ்ஜியத்தில் நின்ற பிறகு வாரம் ஒருமுறை கால்வாசி போதும். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

ஒன்று ஒற்றை வால் மீனாக இருந்தால்? 4 × 1½ × 1½ அடி, 250 லிட்டர் தொட்டி வேண்டும். வாடகை மாடி வீட்டில் அந்த எடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, இரட்டை வால் மீனுக்கு அதே வகையில் துணை தேடுங்கள். புது மீனை முதல் 3 வாரம் அந்த டப்பிலேயே தனியாக வைத்துப் பாருங்கள். பாசி தின்னும் என்று கடையில் சக்கர் மீனைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ராத்திரியில் தங்கமீனின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் மேல்வழுவழுப்பை உறிஞ்சி, புண்ணாக்கிவிடும்.