“போகப் போகக் கதைப்பான்”: குழந்தை நலம், வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம். “அம்மா”, “அப்பா” தவிர வேறு சொல் வருவதில்லை. 18ஆம் மாதத் தடுப்பூசிக்குக் கொண்டு சென்றபோது, குடும்பநல உத்தியோகத்தர் சில கேள்விகளைக் கேட்டுவிட்டு, கிளிநொச்சி வைத்தியசாலையில் காட்டும்படி துண்டு எழுதித் தந்தார். “தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவன், போகப் போகக் கதைப்பான்” என்று மாமி தடுக்கிறார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான். ஆகவே காதில் குறையில்லை. இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா? (ஒரு தாய், விசுவமடு)

பதில்: பொறுக்க வேண்டாம், அந்தத் துண்டுடன் இந்த மாதமே செல்லுங்கள். அது உங்கள் மகனுக்கு நோய் இருப்பதாக எழுதிய சான்றிதழ் அன்று. கிளினிக்கில் நடப்பது சுளகில் அரிசி புடைப்பது போன்ற வேலை. ஓரத்தில் ஒதுங்குவதெல்லாம் கல்லாக இருப்பதில்லை, ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் உலையில் போடவும் முடியாது.

மாமி சொல்வதிலும் உண்மை உண்டு. பிந்திக் கதைக்கும் பிள்ளைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். அதனால்தான் அந்த ஆறுதல் வார்த்தை ஊரில் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை 20 மாதத்தில் வீட்டு முற்றத்தில் நின்று எவராலும் சொல்ல முடியாது. காத்திருந்து அறியும்போது, மொழி வேகமாக ஊன்றும் காலத்தில் ஒரு பகுதி கழிந்துபோயிருக்கும்.

சொற்களின் எண்ணிக்கையை விட நான் முதலில் கவனிப்பது வேறொன்று. யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைச் சுட்டி “அங்கே பார், காகம்!” என்பேன். சில பிள்ளைகள் மரத்தைப் பார்த்துவிட்டு, “நீயும் பார்த்தாயா” என்று கேட்பதுபோல் என் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் திரும்புவதே இல்லை. உங்கள் மகன் தனக்குப் பிடித்ததை விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டுகிறானா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா என்று பாருங்கள். இன்னொன்றையும் செய்யலாம். கையை அசைக்காமல், கண்ணாலும் காட்டாமல், “செருப்பை எடுத்து வா” என்று சொல்லிப் பாருங்கள். “எல்லாம் விளங்கும்” என்று சொல்லும் தாய்மார் பலர், சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டுதான் “தீத்த வா” என்று அழைக்கிறார்கள். பிள்ளைக்கு விளங்கியது சொல்லா, கோப்பையா என்பது அப்போது தெரிவதில்லை.

காதைப் பற்றிய உங்கள் முடிவை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மோட்டார் சைக்கிளின் இரைச்சலைக் கேட்கும் பிள்ளைக்கு “ச”, “த” போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கி, கேட்கும் திறன் சில நாட்கள் கூடியும் சில நாட்கள் குறைந்தும் இருக்கும். ஆகவே கதைக்கப் பிந்தும் எந்தப் பிள்ளைக்கும் செவிப்புலன் பரிசோதனை அவசியம். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு வைத்தியசாலைப் பயணம் என்பது ஒரு நாள் சம்பளம் என்பதை அறிவேன். காதுப் பரிசோதனையையும் அதே நாளில் செய்ய இயலுமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

கேள்வி: என் பேத்தி இரண்டு மாதம் முந்திப் பிறந்தவள். இப்போது 14 மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நடக்கவில்லை. (அம்மம்மா, மல்லாவி)

பதில்: முந்திப் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை, முந்திய காலத்தைக் கழித்தே வயது பார்க்க வேண்டும். உங்கள் பேத்திக்கு வளர்ச்சிக் கணக்கில் 12 மாதமே ஆகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், நலமான பிள்ளைகள் 8 மாதத்துக்குச் சற்றுப் பின்னிருந்து ஏறத்தாழ 17½ மாதத்துக்குள் தனியே நடந்தார்கள். இப்போது கவலை வேண்டாம். கழித்த கணக்கிலும் 18 மாதமாகி நடக்காவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் மாதத்தைக் கழிக்கக் கூடாது. அது பிறந்த திகதிப்படியே போடப்படும்.

கேள்வி: இரண்டு வயது மகள் கிளினிக்கில் அழுதபடியே இருந்தாள். தாதி கேட்டதற்கெல்லாம் “வீட்டில் செய்வாள்” என்று மனைவி சொல்ல, அதையே எழுதிக்கொண்டார். இது ஒரு பரிசோதனையா? (ஒரு தகப்பன், புதுக்குடியிருப்பு)

பதில்: ஆம். புதியவர் முன் அழும் பிள்ளையிடம் எதையும் அளக்க முடியாது என்பதாலேயே பல வினாத்தாள்கள் பெற்றோரை நம்பி அமைக்கப்பட்டுள்ளன. பிறரோடு பழகுவதும் கதைப்பதும் வேறுபட்டிருக்கும் ஓட்டிசம் என்ற வளர்ச்சி நிலைக்கான அறிகுறிகளைத் தேட 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்குப் பயன்படும் எம்-சாட் வினாத்தாளின் 20 கேள்விகளுக்கும் பெற்றோரே “ஆம்”, “இல்லை” என்று விடை தருகிறார்கள். அதில் ஒரு விதி உண்டு: ஓரிரு முறை மட்டும் செய்து, வழக்கமாகச் செய்யாததற்கு “இல்லை” என்றே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பிழை நடப்பது இங்கேதான். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல், தைப்பொங்கலன்று ஒருமுறை செய்ததையும் “செய்வாள்” என்று சொல்லிவிடுகிறோம்.

ஐயம் இருந்தால், அவள் வீட்டில் விளையாடுவதையும் “பால் தா”, “அப்பா வா” என்று இரண்டு சொல் சேர்த்துக் கதைப்பதையும் அவளுக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்து அடுத்த முறை காட்டுங்கள். முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்லாமல் விட்டிருந்தால் மட்டும், எந்த வயதாக இருந்தாலும், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் பிள்ளையின் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.