வெள்ள நாளில் சோறு எங்கிருந்து வரும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, “வீட்டில் என்ன வாங்கி வைக்கலாம்?” என்பதாகவே இருக்கும். இந்த முறை தெருவைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம். 2015 வெள்ளத்தின்போது சைதாப்பேட்டைப் பக்கம் நிவாரணச் சமையலில் நின்றபோது நான் கண்டது இதுதான்: ஊருக்குள் அரிசி இருந்தது, பருப்பும் இருந்தது. கடைசி இரண்டு தெருவைத்தான் அவற்றால் தாண்ட முடியவில்லை.

மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் கரண்ட் இல்லை. கேஸ் இருந்தும் பாலும் தண்ணீரும் இல்லாமல் திண்டாடினோம். இந்த வருடம் என்ன வாங்கி வைக்கட்டும்? – வேளச்சேரி வாசகி

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஐந்து பேர் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு 20 லிட்டர் கேன், மூன்று நாளுக்கு மூன்று கேன். தெருவில் வெள்ளம் நின்றால் சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிடும், அந்தத் தண்ணீரை நம்ப வேண்டாம்.

அப்புறம், அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியவை. இதில் நம் பாட்டிமார் கெட்டிக்காரர்கள். அவலைப் பத்து நிமிடம் ஊறவைத்து வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் ஒரு வேளை ஓடிவிடும். பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சை, சத்துமாவு, ரஸ்க் எல்லாம் அந்த வரிசைதான். இன்டக்ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம்.

பாக்கெட் பால் தினமும் காலையில் வந்தால்தான் உண்டு. சென்னையில் ஆவின் மட்டுமே நாளொன்றுக்கு 14 லட்சம் லிட்டருக்கு மேல் விற்கிறது. குளிர்பதனம், வண்டி, முகவர் இவற்றில் ஒன்று அறுந்தாலும் அன்றைய பால் கிடையாது. 2015இல் சில இடங்களில் லிட்டர் 100 ரூபாய்க்கு விற்றார்கள், 2023 டிசம்பரிலும் பாலுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆகவே குழந்தையோ வயதானவரோ இருக்கும் வீட்டில் பால்பவுடரோ, அட்டைப் பெட்டியில் வரும் நீண்ட நாள் கெடாத பாலோ நாலைந்து நாளுக்கு இருக்கட்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதையே தொடருங்கள். வெள்ளக் காலத்தில் அதைவிடப் பாதுகாப்பான உணவு கிடையாது.

கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதாகத் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். நிறைந்த சிலிண்டரும் தண்ணீரில் மிதக்கும். மிதந்து போனால் உங்களுக்கும் ஆபத்து, அடுத்த வீட்டுக்கும் ஆபத்து.

இத்தனை பெரிய ஊர் கோயம்பேடு என்ற ஒரே சந்தையை நம்பி இருக்கலாமா? – சூளைமேடு வாசகர்

இருக்கக் கூடாது என்பதை 2020 நமக்குக் கற்றுக்கொடுத்தது. கொத்தவால்சாவடியின் நெரிசல் தாங்காமல் 1996இல் மொத்தச் சந்தையைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு. ஆனால் நாசிக் வெங்காயம், ஊட்டி கேரட், ஆந்திர, கர்நாடகத் தக்காளி எல்லாம் ஒரே வாசலில் வந்து இறங்கத் தொடங்கின. கொரோனா அந்த வாசலுக்குள் புகுந்ததும் 2020 மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கிருந்து ஊருக்குத் திரும்பியவர்கள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை தொற்று போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் திருமழிசையில் தற்காலிகச் சந்தை வந்தது, பழங்களை மாதவரத்துக்கு மாற்றினார்கள். அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு மழை பெய்ததும் திருமழிசை சேறாகிவிட்டது. சுமை தூக்குபவர்களும் வியாபாரிகளும் அதற்குள்தான் நின்று பிழைத்தார்கள்.

திருமழிசை, மாதவரம் போன்ற இடங்களில் மழை தாங்கும் தளம், கழிப்பறை, விளக்கு, லாரி திரும்ப வசதி இவற்றை முன்கூட்டியே கட்டி வைத்து, வருடம் முழுக்கச் சிறிய அளவிலாவது வியாபாரம் நடத்த வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பூட்டிக் கிடக்கும் மாற்றுச் சந்தை தேவைப்படும் நாளில் திறக்காது. தூக்குபவர்கள், தரகர்கள், டீக்கடை எல்லாம் அங்கே பழகியிருக்க வேண்டும்.

நியூயார்க்கின் பெரிய உணவுச் சந்தையான ஹண்ட்ஸ் பாயிண்ட் தண்ணீரை ஒட்டிய நிலத்தில் இருக்கிறது. 2012இல் சாண்டி புயல் வந்தபோது அந்தப் பக்கம் கடல் நீர் வற்றி இறங்கியிருந்த நேரமாக இருந்ததால் தப்பித்தது. கோயம்பேடும் கூவத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சிங்கப்பூரில் எதுவும் விளைவதில்லை, இருந்தும் தட்டுப்பாடு வருவதில்லையே, எப்படி? – சிங்கப்பூர் வாசகர்

உங்கள் ஊருக்கு உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அந்தப் பயத்தில்தான் முன்யோசனையும் வந்தது. அங்கே வெள்ளை அரிசி இறக்குமதி செய்யும் வணிகர்கள் இரண்டு மாத இறக்குமதிக்குச் சமமான அரிசியை எப்போதும் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் தட்டுப்பாடே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2022 ஜூன் 1இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். உறைந்த கோழியும் மற்ற நாட்டுக் கோழியும் வந்து சமாளித்தன. பல ஊரிலிருந்து வாங்கும் பழக்கம் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது.

மாடித்தோட்டம் போட்டால் போதுமா? – அம்பத்தூர் வாசகி

போடுங்கள், மனதுக்கும் நல்லது. சிறுகீரையும் அரைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். ஆனால் மாடித்தோட்டத்தால் ஒரு குடும்பத்தின் பசி ஆறாது. புயல் அறிவிப்பு வந்தால் தொட்டிகளை முதலில் கீழே இறக்குங்கள்.

முடிச்சூரில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2015இல் பாதிச் சரக்கு போய்விட்டது. மறுபடி அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது? – கடைக்காரர் ஒருவர்

வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது உங்களுடையதுதான். அந்த டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. உங்கள் பகுதி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். பெரிய கடைகளின் லாரிகள் நின்றுபோன நாட்களில் தெருவுக்குச் சோறு போட்டது உங்களைப் போன்ற கடைகள்தான். அதனால் உங்கள் கடை தப்பித்தால் நூறு வீடு தப்பிக்கும்.

2015இல் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அரிசி, பருப்பு, மாவு, சர்க்கரை எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே. சீல் உடையாத எண்ணெய் டின் கீழே இருக்கலாம். கழுவினால் சரியாகிவிடும். மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட், பால்பவுடர் இரண்டு மடங்கு வாங்கிப் போடுங்கள், வீணாகாது. செல்போன் டவர் போய்விட்டால் கியூஆர் அட்டைக்கு வேலை இல்லை, ஆகவே சில்லறைக் காசு வேண்டும். கையில் பணமில்லாதவருக்குக் கடன் நோட்டு வேண்டும். அந்த நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே வையுங்கள். சரக்குக்குக் காப்பீடு எடுக்கும்போது வெள்ளச் சேதமும் அதில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம். வெள்ளம் வந்தால் அவர்கள் சாப்பாட்டுக்கு என்ன வழி? – பெருங்குடி வாசகர்

ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. சொந்த ஊர் அட்டையைக் காட்டி இங்கேயே அவர்கள் அரிசி வாங்கலாம். ஆனால் விரல் ரேகை இயந்திரத்துக்கு கரண்டும் சிக்னலும் வேண்டும், வெள்ளத்தில் இரண்டும் இருக்காது. அந்த நாட்களில் கைப்பதிவேட்டிலேயே கொடுக்கலாம் என்ற உத்தரவு மழைக்கு முன்பே கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கும் இடத்தில் அரிசி கொடுத்தால் எங்கே வடிப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியது சமைத்த சாப்பாடு. அம்மா உணவகங்களின் அருமை அங்கேதான். 2013இல் மலிவு இட்லிக்காகத் தொடங்கியவை 2020 ஊரடங்கில் இலவசமாகச் சோறு போட்டன. அவற்றில் மேட்டு நிலத்தில் இருப்பவை எவை என்று வார்டு வாரியாகக் குறித்து, அங்கே மட்டும் ஜெனரேட்டரும் பத்து நாள் அரிசியும் வைத்தால்கூடப் பெரிய காரியம்.

நண்பர்கள் சேர்ந்து உணவுப் பொட்டலம் கொடுக்க நினைக்கிறோம். எதில் கவனம் வேண்டும்? – குரோம்பேட்டை கல்லூரி மாணவர்

புளிசாதம், எலுமிச்சை சாதம் செய்யுங்கள். சாம்பார் சாதமும் தேங்காய்ச் சட்னியும் ஈரத்தில் சீக்கிரம் புளித்துவிடும். சாதத்தை ஆறவிட்டுக் கட்டுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெடும். எப்படியானாலும் வடித்த நாலு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர் கைக்குப் போய்விட வேண்டும். அதனால் சமையல் ஒரே இடத்தில் வேண்டாம், தண்ணீர் நிற்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு மண்டபத்தைப் பிடியுங்கள். பொட்டலத்தின்மேல் செய்த நேரத்தை எழுதுங்கள். 2015இல் ஒரு வீட்டுக்கு நாலு குழு பிரெட் கொடுத்ததும், பின்தெருவுக்கு ஒன்றுமே போகாததும் என் கண்ணெதிரே நடந்தது. கிளம்பும் முன் அந்தத் தெருவிலேயே இருக்கும் ஒரு பெண்ணிடம், சுய உதவிக் குழுத் தலைவியாக இருந்தால் இன்னும் நல்லது, எத்தனை பேர், சர்க்கரை நோயாளிகள் யார், கைக்குழந்தை எந்த வீட்டில் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

நனைந்த அரிசி மூட்டையைக் காயவைத்துச் சாப்பிடலாமா? – ஜாபர்கான்பேட்டை வாசகி

வேண்டாம் அம்மா. வெள்ள நீரில் சாக்கடையும் டீசலும் கலந்திருக்கும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. மனசு கேட்காது என்று தெரியும். இருந்தாலும் போட்டோ எடுத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். நிவாரணம் கேட்க அந்தப் போட்டோ உதவும்.