மூட்டுவலி அம்மாவோடு ஒரே நாளில் நாரா

ஜப்பானின் ஒசாகாவிலிருந்து ஒரே நாளில் பக்கத்து நகரமான நாரா போய்வர வேண்டும், அம்மாவுக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஒசாகாவின் நம்பா பகுதியிலிருந்து கின்டெட்சு என்ற தனியார் நிறுவன ரயிலைப் பிடித்து, கின்டெட்சு நாரா நிலையத்தில் இறங்குங்கள். சுமார் 40 நிமிடம். ஜேஆர் என்ற இன்னொரு ரயில் நிறுவனத்தின் நாரா நிலையத்தைவிட, மான்கள் திரியும் நாரா பூங்காவுக்கு இந்த நிலையம்தான் பக்கம். அங்கிருந்து தோதாய்ஜி என்ற பௌத்தக் கோயிலுக்குப் பேருந்து உண்டு, இறங்கியபின் கொஞ்சம் நடக்க வேண்டும். அங்குள்ள 15 மீட்டர் உயரப் பெரிய புத்தர் சிலையை நிதானமாகப் பாருங்கள். அதே கோயிலின் நிகாட்சுதோ மண்டபம் மேட்டில், படிகள் அதிகம்; விட்டுவிடலாம்.

அப்புறம், மான்கள்! அவற்றுக்குக் கொடுக்க அங்கே விற்கும் பிஸ்கட்டை வாங்கியதுமே சூழ்ந்துகொள்ளும். என் கையிலிருந்த வரைபடத்தையே ஒன்று மென்றுவிட்டது. தீர்ந்ததும் வெறுங்கையை விரித்துக் காட்டுங்கள், பெரும்பாலும் விலகிவிடும். அம்மாவைத் தள்ளி உட்காரவைத்துவிட்டே வாங்குங்கள். பின்னாலிருந்து முட்டினால் தடுமாறிவிடுவார்.