மூன்றாவது மாடிக்குக் குடம் தூக்குவது எக்ஸர்சைஸா?

கேள்வி: என் மனைவிக்கு 44 வயது. ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. கீழே அடி பம்பில் தண்ணீர் பிடித்து மேலே ஏற்றுவதில் ஆரம்பித்து, ராத்திரி பாத்திரம் தேய்ப்பது வரை எல்லாம் அவள்தான். போன மாதம் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார். இவ்வளவு ஓடியாடி வேலை செய்கிறவளுக்கு வாக்கிங் வேறு எதற்கு? வீட்டு வேலையைவிடப் பெரிய எக்ஸர்சைஸ் உண்டா? (எனக்கு உட்கார்ந்தே பார்க்கிற ஆபீஸ் வேலை என்பதால் நான் ஜிம்முக்குப் போகிறேன்.)

பெயர் வேண்டாம் என்ற வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடலாம். தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தூக்குவது டம்பெல்லா, குடமா என்று அது பார்ப்பதில்லை. ஒரே தடவையில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனமே 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் சரி. 1953-இல் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாடி பஸ்ஸில் நாளெல்லாம் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களுக்குத்தான் இதய நோய் அதிகம். (பிறகு அவரே யூனிபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு அளவு பெரிதாக இருந்தது. ஆக, வித்தியாசம் முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுத முடியாது.)

சரி, உங்கள் வீட்டம்மா செய்கிற வேலையில் 'மிதமான உழைப்பு' எவ்வளவு? இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. வேலை செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. காய் நறுக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் தாராளமாகப் பாடலாம். இடுப்பு விட்டுப்போகும், கால் வீங்கும், ஆனால் இதயத் துடிப்பு பெரிதாக ஏறாது. நாள் முடியும்போது அவர் அடித்துப்போட்டது மாதிரி படுப்பது நிஜம். அந்த அசதியைப் பார்த்துவிட்டு உடற்பயிற்சி ஆகிவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டுகிறீர்கள்.

குடம் இதற்கு நேர் எதிர். 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ. அதை ஒரு பக்க இடுப்பில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறும்போது ரத்த அழுத்தம் எகிறும், முழங்கால் வாங்கும். அப்புறம் நின்று மூச்சுவிட நேரம் கிடையாது, அடுத்த குடம். வேலையில் சுமை தூக்குகிறவர்களுக்கு, ஓய்வு நேரத்தில் விரும்பி உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குக் கிடைக்கிற பலன் கிடைப்பதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் சுமையைத் தன் இஷ்டத்துக்கு இறக்கிவைக்க முடியாது என்பது காசிமேட்டில் அன்னக்கூடை சுமக்கிற எந்த அம்மாவுக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத இரண்டு விஷயங்களையும் கேட்கிறேன். அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. எல்லோரும் சாப்பிட்டபின் ராத்திரி பத்தரைக்கு மிச்சச் சோற்றை வழித்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இப்போது அந்த அடைப்புக்குறி. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-உம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். எட்டிப் பார்க்காதவர்கள் அதில் சேர்த்தி இல்லை. நீங்கள் ஜிம்மில் இருக்கும் நேரம் இந்த 289-இல் இருந்துதான் வருகிறது. டாக்டர் உங்கள் மனைவிக்கு அரை மணி நேரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை ரத்து பண்ண என்னிடம் கையெழுத்து கேட்கிறீர்கள். போட மாட்டேன்.

எங்கே நடப்பது என்பது வேறு பிரச்சினை. மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 2023-இல் அரசு ஆரம்பித்தபோது, சென்னைக்கு அது பெசன்ட் நகர் பக்கம் போய்விட்டது. நம் பக்கத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் நடந்தால் கன்டெய்னர் லாரிப் புகைதான் கிடைக்கும், அங்கே வேண்டாம். ராயபுரம் ராபின்சன் பூங்கா இருக்கிறது, திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் பிரகாரம் இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாவிட்டால் உங்கள் பிளாக்கையே சுற்றலாம். சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடந்தால் அந்தச் சாப்பாட்டால் ஏறுகிற சர்க்கரை குறையும், அதனால் அரை மணியை மதியம் பாதி, ராத்திரி பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். சில மாத்திரைகள் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முந்தானையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். காலில் நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

குடம் நாளையிலிருந்து உங்களுடையது. முழுக்குடம் வேண்டாம், அரைக்குடமாக இரண்டு நடை போங்கள். ராத்திரி அவர் நடக்கப் போகும்போது பாத்திரமும் உங்களுடையது. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். அப்போது எனக்கு எழுதுவதாக இருந்தால், அவரையே எழுதச் சொல்லுங்கள்.