புல் இருந்தும் ஆடு இளைப்பது ஏன்?

மலைப்புல்வெளியில் காய்ந்த புல் கிடக்கும்போதே செம்மறியாடுகள் இளைப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். குறை பெரும்பாலும் புல்லின் அளவில் இல்லை, தரத்தில் இருக்கிறது. பனி உருகியதும் முளைக்கும் தளிரில் புரதம் மிகுதி. கதிர்விட்டு முற்றியபின் தண்டில் நார் ஏறி, புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால், முன்வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் புரதம் தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) இன்றித் தளர்வதால், தின்றது வயிற்றிலேயே தங்கி, மேற்கொண்டு மேய முடியாத ஆடு தன் உடற்கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது.

இமாசலப் பிரதேசத்தின் கத்தி எனும் இடையர் சமூகத்தார் இதனை அனுபவத்தால் அறிந்தவர்கள். கோடையில் லாஹௌல் மேடுகளுக்கு ஏறி, குளிருக்குமுன் காங்க்ரா அடிவாரத்துக்கு இறங்கி, தளிரைத் தொடர்ந்தே நடக்கிறார்கள். மேட்டுப் பாறைகளில் அவர்கள் வைக்கும் உப்பை ஆடுகள் முண்டியடித்து நக்கும், ஏனெனில் மலைப்புல்லில் சோடியம் குறைவு. சினையாட்டைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும்: குட்டியின் எடை பெரும்பாலும் கடைசி ஆறு வாரங்களில் கூடுவதால், அப்போது காய்ந்த புல்லை மட்டும் நம்பக் கூடாது.